கட்டுப்பெட்டியின் பட்ஜெட் வாரம்

என்னைக் ‘கட்டுப்பெட்டி’ என்று அழைப்பது என் மகள். அந்தச் சொல்லை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நானேதான். மொரீஷியஸ் பள்ளிகளில் முப்பத்தைந்து ஆண்டு தமிழ் கற்பித்தவனுக்குக் கிடைத்த குருதட்சிணை அது. வங்கிப் புத்தகத்தை இன்னும் வரிசையில் நின்று பதிந்துவருகிறேன். மின்கட்டண உறையின் பின்பக்கத்தில்தான் வீட்டுக் கணக்கு எழுதுகிறேன். எந்தக் கட்சி ‘மாற்றம்’ என்று சொன்னாலும் முதலில் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். பட்டம் பொருந்துகிறது, மறுக்கவில்லை.

2025 ஜூன் 5, வியாழக்கிழமை. ரோஸ் ஹில்லில் காலையிலிருந்தே தூறல், ஜூன் மாதத்துக் குளிர். தொலைக்காட்சியில் பட்ஜெட். நிதி இலாகாவைத் தன் கையிலேயே வைத்திருந்த பிரதமர் நவீன் ராம்கூலம் வாசித்தார். உரைக்குத் தலைப்புகூட உண்டு: பாதாளத்திலிருந்து செழிப்புக்கு, எதிர்காலத்துக்கான பாலத்தைத் திரும்பக் கட்டுதல். தலைப்பே இவ்வளவு நீளம் என்றால் உரை எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மனைவி ஒரு தட்டு நிறைய கட்டோ பிமான் பொரித்து வைத்திருந்தாள். அது நம் பருப்பு வடைதான். கடல் தாண்டியதில் பெயர் மாறிவிட்டது.

மச்சானும் வந்திருந்தான். மனைவியின் தம்பி. கொத்தனார். பதினாறு வயதில் கரண்டி பிடித்த கை, இன்னும் கீழே வைக்கவில்லை. எங்கள் வீட்டில் பேச்சு கிரியோலில்தான் நடக்கும்; அத்தான், அக்கா, மச்சான் போன்ற உறவுச் சொற்கள் மட்டும் தமிழில் நின்றுவிட்டன. அதனால் இங்கே அவன் சொன்னதாக எழுதுவதெல்லாம் நான் தமிழாக்கியது.

உரை நடுவே அந்த வரி வந்தது. முதியோர் பென்சன், நாங்கள் ‘பான்சியோன் வியேயெஸ்’ என்று சொல்வது, இனி 60 வயதில் கிடையாது. செப்டம்பரில் தொடங்கி ஐந்து ஆண்டுகளில் படிப்படியாக 65 ஆகும். மச்சான் வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டுப் பர்ஸை எடுத்தான். அதிலிருந்து அடையாள அட்டையை உருவினான். சிமென்ட் தின்று பிளந்த கட்டைவிரல், பிறந்த தேதிக்கு நேராக நின்றது.

“அத்தான், நான் அக்டோபர்.”

1965 அக்டோபர். கோடு செப்டம்பரில் விழுகிறது. “இரண்டு மாதம் முந்திப் பிறந்திருக்கக் கூடாதாடா” என்றாள் என் மனைவி. அவன் சிரிக்கவில்லை. ‘கி பூ ஃபேர்’ என்றான். இந்தத் தீவில் எல்லாத் துக்கத்துக்கும் அதுதான் முற்றுப்புள்ளி. என்ன செய்ய.

நியாயமாகப் பார்த்தால் நான் அன்றைக்குக் கைதட்டியிருக்க வேண்டும். பத்து வருடமாகக் கோயில் திண்ணையிலும் பேருந்திலும் இதைத்தானே புலம்பிக்கொண்டிருந்தேன். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று அரிசி அளக்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தவள் என் அம்மா. நாட்டின் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தை ஒட்டி நின்றது. நாடுகளின் கடன் தரத்தை மதிப்பிடும் மூடீஸ் நிறுவனம் அந்த ஜனவரியில் நம் தரத்துக்கு எதிர்மறைக் குறி போட்டுவிட்டது. இன்னும் ஒரு படி இறங்கினால் முதலீட்டுத் தகுதியே போய்விடும். 1960களின் தொடக்கத்தில் இங்கே ஒரு தாய்க்குச் சராசரியாக 6 பிள்ளைகள். இவ்வளவு பேருக்கு எப்படிச் சோறு போடுவது என்று வெள்ளைக்கார நிபுணர்கள் வந்து அறிக்கை எழுதினார்கள். இன்று சராசரி ஒன்றரையைக்கூடத் தொடவில்லை. நான் சொல்லிக்கொடுத்த நான்காம் வகுப்புத் தமிழ் வகுப்பில் ஒரு காலத்தில் பெஞ்சு போதாது. ஓய்வு பெறும்போது ஒரே பெஞ்சில் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். தமிழ் படிக்க ஆள் குறைந்தது பாதி, பிள்ளைகளே குறைந்தது மீதி. உழைப்பவர் குறைந்து வாங்குபவர் கூடினால் பெட்டி காலியாகும் என்று தெரிந்துகொள்ள நிபுணர் வேண்டாம்.

ஆகவே கணக்கில் தப்பில்லை. 65 என்பது சரியான எண்தான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் வியாழன் இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்தப் பென்சனின் கதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். 1950இல் பிரிட்டிஷ் ஆட்சியில் ஏழை முதியவர்களுக்கென்று தொடங்கியது. 1958இல் வருமானம் பார்க்காமல் எல்லாருக்கும் என்றானது. சுதந்திரத்துக்குப் பத்து ஆண்டு முன்பே வந்த ஏற்பாடு. அதனால் எங்களுக்கு அது சலுகை என்றே தோன்றியதில்லை. வயதானால் நரை வருவதுபோலப் பென்சன் வரும். கரும்புத் தோட்டத்தில் முதுகு வளைந்தவருக்கும் தோட்டத்து முதலாளிக்கும் ஒரே தொகை. பழமைவாதிக்கு இது பிடிக்கக் கூடாது என்று சிலர் நினைப்பார்கள். எனக்குப் பிடிக்கும். யாரும் யார் முன்னாலும் கைகட்டி நின்று தன் வறுமையைச் சொல்ல வேண்டியதில்லை என்பதில் ஒரு மரியாதை இருக்கிறது.

2004இல் பால் பெராஞ்சே பிரதமராக இருந்தபோது, வசதியுள்ளவருக்குப் பென்சன் வேண்டாம் என்று சட்டம் வந்தது. 2005இல் ராம்கூலம் அதை எதிர்த்துப் பிரசாரம் செய்து, ஜெயித்து, பழையபடி எல்லாருக்கும் ஆக்கினார். இருபது ஆண்டு கழித்து, 2025இல், அதே ராம்கூலம் பிரதமராகவும் அதே பெராஞ்சே துணைப் பிரதமராகவும் அருகருகே உட்கார்ந்து 65 என்றார்கள். அரசியலில் ஒருவர் மனம் மாறலாம். இருவரும் ஒரே நாளில் மாறும்போதுதான் எனக்குக் கொஞ்சம் கொட்டாவி வருகிறது.

நடுவில் வந்தவர்களைச் சும்மா விட முடியாது. 2014 தேர்தலில் பென்சன் 3,600 ரூபாய் சொச்சம். 5,000 தருகிறோம் என்றது ராம்கூலத்தை எதிர்த்து நின்ற ஜக்நாத் அணி, ஜெயித்தது, தந்தது. 2019இல் படிப்படியாக 13,500 என்றார்கள். ஜெயித்தார்கள், உடனே 9,000 ஆக்கினார்கள். எனக்கு 60 ஆனதும் அந்த நடுவில்தான். நானும் வாங்கினேன், வாங்குகிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. மார்க்கெட்டில் ஏலம் விடுவதுபோல முதியவர்களை ஏலம் விட்டார்கள். இன்றைக்கு அந்தக் கட்சிக்காரர்கள் ஏழைகளுக்காகக் கண்ணீர் விடுவதைப் பார்க்கும்போது, ஏலக்காரர் சாமான் விலையேற்றத்தைப் பற்றிப் புலம்புவதுபோல இருக்கிறது.

அவர்கள் செய்ததில் எனக்கு ஆறாத கோபம் வேறொன்றில். தேசிய ஓய்வூதிய நிதி என்று ஒன்று 1970களின் கடைசியிலிருந்து இருந்தது. தொழிலாளி மாதாமாதம் கட்டுவான், முதலாளியும் கட்டுவார், அவரவர் பேரில் புள்ளி சேரும், ஓய்வில் அதற்கேற்ப வரும். மெதுவாக வளர்ந்த மரம். 2020இல் அதை ஓரங்கட்டிவிட்டுப் பொதுப் பங்களிப்பு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இன்று வசூலிப்பது இன்றைக்கே செலவாகிறது. யார் பேரிலும் எதுவும் சேர்வதில்லை. எபேனில் கணக்கு நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் என் மகள் சம்பளச் சீட்டைக் காட்டி, “பப்பா, உங்க பென்சனை நான்தான் கட்டறேன். எனக்கு யார் கட்டுவா?” என்று கேட்டாள். அவளோடு படித்தவர்களில் பாதிப் பேர் கனடாவில். நான் உறையின் பின்பக்கத்தை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, அப்படியானால் வியாழன் இரவு ஏன் தூக்கம் வரவில்லை? இதை எப்படிச் செய்வது என்று ராம்கூலத்துக்குத் தெரியும். தெரிந்தும் செய்யவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெறும் வயதை 60இலிருந்து 65 ஆக்கியது அவர் ஆட்சியில் தொடங்கியதுதான். 2008இல் ஆரம்பித்து 2018 வரை, மாதம் மாதமாக, பத்து ஆண்டு எடுத்துக்கொண்டு வயதை நகர்த்தினார்கள். ஐம்பதில் இருந்தவன் திட்டமிட்டுக்கொண்டான். தெருவில் யாரும் இறங்கவில்லை, பலர் கவனிக்கக்கூட இல்லை. அதுதான் நல்ல சீர்திருத்தம். இப்போதோ ஜூனில் அறிவிப்பு, செப்டம்பரில் கோடு. மூன்று மாதத்தில் மச்சான் எதைத் திட்டமிடுவான்?

இன்னொன்று. 2024 நவம்பர் 10 தேர்தலுக்கு முன் எந்த மேடையிலும் இந்த 65 பற்றிப் பேச்சு இல்லை. பேச்செல்லாம் போனஸாகக் கூடுதலாகத் தரும் 14ஆம் மாதச் சம்பளம் பற்றித்தான். இரு அணிகளும் போட்டி போட்டுக்கொண்டு அறிவித்தன. ஜெயித்தவர்கள் 50,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குவோருக்குக் கொடுத்தும்விட்டார்கள். டிசம்பரில் கஜானா காலி, முந்தைய அரசு கணக்கை ஊதிக் காட்டியது என்று அறிக்கை வெளியிட்டார்கள். காலி என்று அவர்கள் கண்டுபிடித்த கஜானாவிலிருந்துதான் அந்த 14ஆம் மாதமும் போனது. என் வீட்டுக் கணக்கை நான் இப்படி நடத்தினால் மனைவி உறையைப் பிடுங்கி அடுப்பில் போட்டுவிடுவாள்.

வெள்ளிக்கிழமை மாலை கோயிலில் பூஜை முடிந்து சர்க்கரைப் பொங்கல் வாழை இலைத் துண்டில் கைக்கு வந்தது. வழக்கமான கூட்டம். எங்களில் ஒருவர் முன்னாள் பேருந்து ஓட்டுநர். ராம்கூலம் அணிக்கு வீடு வீடாக ஓட்டு கேட்டவர். “முதியவருக்கு 2005இல் இலவசப் பேருந்து கொடுத்தவரே அவர்தான், மறக்காதீங்க” என்றார். மறக்கவில்லை. அட்டை என் பையில்தான் இருக்கிறது. இன்னொருவர், மருத்துவமனையில் ஊழியராக இருந்தவர், “நாடாளுமன்றத்தில் யாராவது எழுந்து கேட்டாங்களா?” என்றார். அதற்குப் பதில் சொல்ல யாருக்கும் முடியவில்லை.

கேட்க அங்கே யார் இருக்கிறார்கள்? 60க்கு 60. பெரிய தீவின் அத்தனை தொகுதியும் ஒரே அணிக்கு. நவம்பரில் பட்டாசு வெடித்தபோது நான் சன்னலைச் சாத்தினேன். முந்தைய ஆட்சி போனதில் எனக்கு வருத்தமில்லை. தொலைபேசிப் பேச்சுகளை ஒட்டுக்கேட்ட ஒலிப்பதிவுகள் வெளியாகி, அதைத் தடுக்கச் சமூக வலைத்தளங்களையே முடக்கப் பார்த்து, மறுநாள் பின்வாங்கிய ஆட்சி அது. ஆனால் 60–0 எனக்கு நல்ல சகுனமாகப் படுவதில்லை. இது மூன்றாவது முறை. 1982இல் ஒரு 60–0. ஒன்பது மாதத்தில் உடைந்து மறு ஆண்டே மறுதேர்தல். 1995இல் இன்னொன்று, இதே ராம்கூலமும் பெராஞ்சேயும் சேர்ந்து, 1997இல் பிரிந்தார்கள். எதிரில் ஆள் இல்லாத வீட்டில் அண்ணன் தம்பிதான் அடித்துக்கொள்வார்கள்.

2024 தேர்தலுக்குப் பின் சபையில் பெரிய தீவின் எதிர்க்கட்சி என்று பெயருக்காவது யாரேனும் உட்கார்ந்தார்கள் என்றால், அது ‘பெஸ்ட் லூசர்’ என்ற பழைய ஏற்பாட்டின் புண்ணியம். தோற்றவர்களில் முன்னிலை பெற்றவர்களுக்குச் சமூகவாரியாகக் கொடுக்கும் இடங்கள். எதிர்க்கட்சித் தலைவரான ஜோ லெஜோங்கார் அந்த வழியாகத்தான் உள்ளே வந்தார். என் மகள் தலைமுறைக்கு அந்த ஏற்பாடு வெட்கக்கேடு. வேட்பாளர் தன்னை இந்து, முஸ்லிம், சீனர், பொதுமக்கள் என்ற நான்கில் ஒன்றில் சேர்த்துச் சொல்ல வேண்டும். கணக்குக்கு இன்றும் 1972 மக்கள்தொகைக் கணக்கெடுப்புதான். நமக்கும் அதில் மனக்குறை உண்டு. தமிழருக்குத் தனிக் கட்டம் கிடையாது. இந்து என்ற கட்டத்துக்குள் போய்விடுகிறோம். நானே வகுப்பில் அதைத் திட்டியிருக்கிறேன். ஆனால் பாருங்கள், எல்லாரும் சிரிக்கும் அந்த ஓட்டைக் குடைதான் இந்த மழையில் இருக்கிறது. வேறு ஒன்று தைத்து முடிக்கும்வரை இதைக் கிழிக்க வேண்டாம் என்பது என் கட்சி. மகள் ஒப்பவில்லை. ஒப்பவே மாட்டாள்.

தடுப்பவர்கள் இல்லாமல் போவது எப்படி இருக்கும் என்று யோசிக்கும்போதெல்லாம் 2002 பிப்ரவரி நினைவுக்கு வரும். பயங்கரவாதத் தடுப்பு மசோதாவில் கையெழுத்திட மனமில்லாமல் குடியரசுத் தலைவர் காசாம் உத்தீம் பதவி விலகினார். துணைத் தலைவர் அங்கிடி செட்டியார், நம்மவர், பொறுப்பேற்றார். அவரும் கையெழுத்திட மறுத்துச் சில நாளிலேயே விலகினார். அப்புறம் தலைமை நீதிபதி அரிரங்கா பிள்ளை தற்காலிகத் தலைவராகி ஒப்பமிட்டார். ஒரு தமிழர் மறுத்தார், இன்னொரு தமிழர் கையெழுத்திட்டார். எங்கள் வீட்டில் இருவருக்கும் ஆள் உண்டு, தீபாவளிக்கு இன்னும் சண்டை வரும். நான் செட்டியார் பக்கம். சட்டம் கடைசியில் நிறைவேறத்தான் செய்தது. ஆனால் ஒரு வாரம் நாடு நின்று யோசித்தது.

இந்தப் பென்சனிலும் அந்த ஒரு வாரத்தைத்தான் கேட்கிறேன்.

சாகோஸ் தீவுகள் பற்றி எழுதச் சொல்லி ஒருவர் கேட்டிருந்தார். மே 22 அன்று பிரிட்டனும் மொரீஷியஸும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. தீவுகள் எங்களுக்கு; அவற்றில் ராணுவத் தளம் இருக்கும் தியேகோ கார்சியா மட்டும் பிரிட்டனுக்கு 99 ஆண்டு குத்தகை. சராசரியாக ஆண்டுக்கு 101 மில்லியன் பவுண்டு. 1965இல் மூன்று மில்லியன் பவுண்டுக்குப் பிய்த்துக்கொண்டு போனதை, 2019இல் பன்னாட்டு நீதிமன்றத்தின் கருத்துரை வரை போய்ப் பொறுமையாக வாதாடி வாங்கியது பெரிய காரியம். கத்திக் குத்தாமல், சட்டப் புத்தகம் ஏந்திச் செய்தது. கட்டுப்பெட்டிக்கு இதைவிட வேறென்ன வேண்டும். ஆனால் பட்ஜெட்டில் முதல் சில ஆண்டுப் பணம் கடனை அடைக்கப் போகிறது என்று கேட்டதும் கொஞ்சம் இடித்தது. பிரிட்டன் நாடாளுமன்றம் அப்போது அதை முடித்துக் கொடுத்திருக்கவில்லை. சீர்வரிசை வருவதற்கு முன்பே அதை அடகுக்கடையில் சொல்லிவைத்த மாப்பிள்ளையைப் பார்த்திருக்கிறீர்களா? அந்தத் தீவுகளிலிருந்து விரட்டப்பட்டு ரோச் போவாவிலும் கசீஸிலும் குடியேறியவர்கள் அடகுக்கடை வாசலில்கூட இல்லை.

பென்சனுக்கே திரும்புகிறேன். கோயிலில் எல்லாரும் கலைந்த பிறகு, அந்த முன்னாள் ஓட்டுநர் என்னை ஓரமாக இழுத்து, “நீங்கதானே எப்பவும் செலவைக் குறைக்கச் சொல்வீங்க. இப்ப ஏன் முகம் தூக்கறீங்க?” என்றார். அவருக்கு 1998ஐ நினைவுபடுத்தினேன்.

அப்போதும் ராம்கூலம்தான் பிரதமர். மத்திய வங்கி புது ரூபாய் நோட்டு வெளியிட்டது. பழைய நோட்டில் ஆங்கிலம், அடுத்து தமிழ், அடுத்து இந்தி. புது நோட்டில் தமிழ் கீழே, இந்தி மேலே. அவ்வளவுதான். பணத்தின் மதிப்பு ஒரு காசு குறையவில்லை. ஆனால் அன்றைக்குப் பள்ளியில் ஆசிரியர் அறையில் அந்த நோட்டை மேசையில் விரித்துவைத்து நாங்கள் எட்டுப் பேர் சுற்றி நின்றது இப்போதும் கண்ணில் இருக்கிறது. ஒருவர் பழைய நோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். யாரும் பேசவில்லை. 1834க்குப் பின் ஒப்பந்தக் கூலிகளைச் சுமந்த கப்பல்கள் வருவதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, பிரெஞ்சுக்காரர் காலத்தில், புதுச்சேரிப் பக்கத்துக் கொத்தனாரும் தச்சரும் வந்து போர்ட் லூயியைக் கட்டினார்கள். அந்த வரிசையின் பொருள் அது. யாரும் எங்களைக் கேட்கவில்லை. ஊர்வலம், மனு, கூட்டம் என்று தீவே கொதித்தது. கடைசியில் நோட்டைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையில் அச்சடித்தார்கள்.

“இந்தி மேல் உனக்கு வெறுப்பா?” என்று அப்போது ஓர் இந்தி ஆசிரியர் கேட்டார். நல்ல நண்பர். இல்லை என்றேன், என் நாற்காலியை நகர்த்துவதற்கு முன் எழுந்திருக்கச் சொல்லியிருக்கலாம் என்றேன். இந்த வெள்ளிக்கிழமையும் ஓட்டுநரிடம் அதையேதான் சொன்னேன். அவர் பொங்கல் இலையை மடித்துக்கொண்டு, “நீங்க வாத்தியாராவே இருங்க” என்று சொல்லிவிட்டு மெட்ரோ நிறுத்தம் பக்கம் நடந்தார்.

என்னைக் கேட்டால் இப்படிச் செய்திருக்கலாம் என்பேன். இன்று 50 வயதில் இருப்பவனுக்கு 65 என்று சொல். அவனுக்கு நேரம் இருக்கிறது. 59இல் இருப்பவனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்று. நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்த என்னையும் சாரத்தில் நின்று வேலை செய்த மச்சானையும் ஒரே கோலால் அளக்காதே. என் முழங்கால் 65இலும் நன்றாகத்தான் இருந்தது. அவன் முழங்கால் 50இலேயே பேச ஆரம்பித்துவிட்டது. இதனால் மிச்சமாகும் தொகை குறையும் என்று மகள் உடனே கைபேசியில் கணக்குப் போட்டுக் காட்டினாள். குறையும்தான். குறையட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை மச்சான் திரும்ப வந்தான். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது எங்கள் கொல்லைப்புறச் சுவர் ஒரு பக்கம் சாய்ந்தது. ஒன்றரை வருடமாகக் கம்பு முட்டுக்கொடுத்து நிற்கிறது. அதைப் பார்க்கத்தான் வந்தேன் என்றான். மனைவி தேநீர் கொண்டுவந்தாள். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன்: அக்டோபரிலிருந்து உன் பென்சன் வரும்வரை என் பென்சனில் பாதி உனக்கு. எனக்கு அரசு ஓய்வூதியமும் வருகிறதே.

அவன் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஓர் இடத்தில் கல் கொளகொளவென்று ஆடியது.

“பான்சியோன் உங்ககிட்டயே இருக்கட்டும் அத்தான்,” என்றான். “சிமென்ட் ஏறப்போகுதுன்னு சொல்றாங்க. இப்பவே வாங்கி வைங்க.”

அளவு நாடாவின் ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டு மறுமுனையோடு மாமரம் வரை நடந்தான். பதினோரு மீட்டர் நாற்பது. உறையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.